பெடல் வாங்காதீங்க, கம்பியை மாத்துங்க: சோனிக் யூத் இரைச்சல் எங்கிருந்து வருது?

ஓசூர் | ஏப்ரல் 6, காலை

ஸ்ட்ராட் மாடல் கிட்டார், 15 வாட் ஆம்ப், ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இருக்கு. அமெரிக்க ராக் குழு சோனிக் யூத் பாட்டு வாசிச்சா மெட்டல் பாட்டு மாதிரிதான் வருது. கெயின் குமிழை (ஓசையைச் சிதைக்கிற அளவு) ஏத்தினா குழம்புது, இறக்கினா சாதா கிட்டார் ஆகுது. அந்த மணியோசை மாதிரியான இரைச்சலுக்கு எந்த பெடல் வாங்கணும்? பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், போய் வாங்கிட்டு வந்துடலாம்.

தருமபுரி | ஏப்ரல் 6, இரவு

பெடல் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் கம்பி வாங்குங்க.

இந்த இசைக்குழுவைப் பற்றி பரவலா இருக்கிற தப்பான எண்ணம் இதுதான்: இரைச்சல் பெடலிலிருந்து வருதுன்னு நினைக்கிறது. முக்கால் பங்கு கம்பியிலும் சுருதியிலும் இருக்கு. மிச்சம் கிட்டாரில் எந்த இடத்தைத் தட்டுறாங்க என்பதில். பெடல் கடைசியில் வருது.

1981-ல் நியூயார்க்கில் தர்ஸ்டன் மூர், கிம் கார்டன், லீ ரனால்டோ சேர்ந்தப்போ அவங்க கையில் இருந்தது மலிவு கிட்டார்கள். அதில் வழக்கமான இ-ஏ-டி-ஜி-பி-இ சுருதி வெச்சா நல்லாவே இருக்காது. அதனால் அந்தக் கிட்டார் எந்தச் சுருதியில் நல்லா முழங்குதோ அதிலேயே விட்டாங்க. ஒரு கிட்டாருக்கு ஒரு சுருதி, அந்தச் சுருதிக்குச் சில பாட்டு. அதனால்தான் மேடையில் பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாத்துவாங்க.

இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. மூரும் ரனால்டோவும் க்ளென் பிராங்காவின் கிட்டார் கூட்டத்தில் வாசிச்சவங்க. அதுக்கும் முன்னாடி, 1977-ல் ரீஸ் சாத்தம் பல கிட்டார்களில் ஒரே சுரத்தை மீட்டி, மேலே எழும்புற மேல்சுரங்களையே இசையாக்கினார். அதுதான் வேர்.

இரண்டு சுருதி மட்டும் முதலில் தெரிஞ்சுக்குங்க, ஆறாம் கம்பியிலிருந்து ஒண்ணாம் கம்பி வரை:

ஜி-ஏ-பி-டி-இ-ஜி. 1988-ல் வந்த டீன் ஏஜ் ரயட் பாட்டில் மூர் வாசிக்கிறது.

எஃப் ஷார்ப் நாலு தடவை, பிறகு இ, பிறகு பி. 1990-ல் வந்த கூல் திங் பாட்டில் வருது.

ரெண்டாவதுக்கு: ஆறாம் கம்பியை இரண்டு அரைச்சுரம் ஏத்துங்க, ஐந்தாவதை மூணு இறக்குங்க, நாலாவதை நாலு ஏத்துங்க, மூணாவதை ஒண்ணு இறக்குங்க, இரண்டாவதை ஏழு இறக்குங்க, முதல் கம்பியை ஐந்து இறக்குங்க.

பாலக்கோடு | ஏப்ரல் 7

முதல் சுருதியை எழுதிப் பார்த்தீங்களா? ஜி-ஏ-பி-டி-இ. ஜி-யை ஷட்ஜமாக வெச்சா ச-ரி-க-ப-த. அப்படியே மோகனம். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். விரலே வைக்காம ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே இழுத்தா மோகன ஆரோகணம் கேட்குது.

தருமபுரி | ஏப்ரல் 7

ஆமாம், கணக்கு சரி. ஆனா அவங்க மோகனம் வாசிக்கலை. சங்கதி கிடையாது, பிடி கிடையாது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒரே நேரத்தில் முழங்க விடுறாங்க. ச-வும் ரி-யும் க-வும் ஒண்ணாக் கேட்டா நம்ம காதுக்கு ராகம் இல்லை, கொத்து. ஆனா அந்தக் கொத்து ஏன் கசக்கலை என்பதற்கு உங்க பதிலே காரணம்: அஞ்சு சுரத்தில் ஒரு அரைச்சுர இடைவெளி கூட இல்லை. எதை எதோட சேர்த்தாலும் முட்டாது.

இரண்டாவது சுருதியையும் அப்படிப் பாருங்க. பி-யை ஷட்ஜமாக வெச்சா எஃப் ஷார்ப் பஞ்சமம், இ சுத்த மத்யமம். ப-ப-ப-ப-ம-ச. காந்தாரமே இல்லை. மேஜரா மைனரா என்று காது முடிவு பண்ண முடியாமல் தொங்குது. அந்தத் தொங்கல்தான் இந்த இசைக்குழுவோட முகம்.

தம்புராவை நினைச்சுக்குங்க. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நடுவில் இரண்டு கம்பி ஒரே சுரம். ஒரே சுரத்துக்கு ஏன் இரண்டு கம்பி? இரண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்தாத்தான் ஓசை அறுபடாமல் உயிரோட நிக்கும். இங்கே அதே வேலை எஃப் ஷார்ப் நாலிலும் நடக்குது.

ஓசூர் | ஏப்ரல் 9

ரெண்டாவது சுருதி வெச்சேன். நாலாவது கம்பி கல்லு மாதிரி இறுகிப் போச்சு. இரண்டாவது கம்பி தொளதொளன்னு ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் பதிச்ச உலோகக் கட்டில், அடிக்குது. கழுத்து வளையுமான்னு பயமா இருக்கு.

தருமபுரி | ஏப்ரல் 9

தப்பு என்மேல். 6-ம் தேதி எழுதினதில் கடைசிப் பத்தியை விட்டுடுங்க. இருக்கிற கம்பியை முறுக்கி அந்தச் சுருதிக்கு வரக்கூடாது. கம்பியையே மாத்தணும்.

கணக்கோட சொல்றேன். 9–42 செட்டில் (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042) நாலாவது கம்பி 0.024 அங்குலம். டி-யில் அது சுமார் 7 கிலோ இழுவை. நாலு அரைச்சுரம் ஏத்தினா 11 கிலோவைத் தாண்டும். அறுந்து போகாமல் தாங்கினாலும் பிரயோஜனமில்லை. ஏன்னா பக்கத்தில் மூணாவது கம்பி வெற்றுக் கம்பி, இது மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுத்தின சுற்றுக் கம்பி. இரண்டும் ஒரே சுரத்தில் நின்னாலும் மேல்சுரங்கள் ஒத்துப் போகாது. தம்புராவில் சாரணி இரண்டும் ஒரே கனத்தில் இருக்கிற காரணம் இதுதான்.

சரியான வழி: 9–42 செட் இரண்டு பாக்கெட் வாங்குங்க. இப்படிப் போடுங்க:

ஆறாவது இடம்: 0.042, கீழ் எஃப் ஷார்ப் (92.5 ஹெர்ட்ஸ்), 8.4 கிலோ
ஐந்தாவது இடம்: இரண்டாம் பாக்கெட்டின் 0.042, அதே சுரம், அதே இழுவை
நாலாவது இடம்: 0.016, மேல் எஃப் ஷார்ப் (185 ஹெர்ட்ஸ்), 6 கிலோ
மூணாவது இடம்: இரண்டாம் பாக்கெட்டின் 0.016, அதே
இரண்டாவது இடம்: 0.024, இ (164.8 ஹெர்ட்ஸ்), 9 கிலோ
முதல் இடம்: 0.011, பி (247 ஹெர்ட்ஸ்), 5 கிலோ

மொத்தம் 43 கிலோவுக்குள்ள. வழக்கமான 9–42 செட் 39 கிலோ, 10–46 செட் 46 கிலோ. அதனால் கழுத்துக்கு ஆபத்து இல்லை. கழுத்துக்குள்ள இருக்கிற டிரஸ் ராட் தண்டைத் தொட வேண்டாம். இரண்டு நாள் விட்டுப் பார்த்துட்டு, ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளி கூடியிருந்தா மட்டும் அதைக் கால் சுத்து திருப்புங்க.

இந்த இழுவை எல்லாம் 25.5 அங்குல நீளத்துக்கு. குட்டை ஸ்கேல் கிட்டாருக்குக் குறையும்.

அரூர் | ஏப்ரல் 10

நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை) பற்றிச் சொல்லலையே. 0.042 கம்பி ஐந்தாவது பள்ளத்தில் இறங்காது, அது 0.032-க்கு வெட்டினது. 0.024 இரண்டாவது பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்துக்கும்; முதல் ஃப்ரெட்டில் விரல் வெச்சா சுருதி ஏறிடும். நாலாவது பள்ளத்தில் 0.016 போட்டா நேர் எதிர்: இடம் அதிகம், பக்கவாட்டில் ஆடி 'ஜிர்' சத்தம் வரும்.

பழைய நட்டைக் கழற்றி பத்திரமா வெச்சுடுங்க. புது பிளாஸ்டிக் நட் ஒண்ணு வாங்கி அதில் வெட்டுங்க. நட் அரம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கேஸ் வெல்டிங் பண்றவங்க வெச்சிருக்கிற நாசில் கிளீனர் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மடக்குக் கத்தி மாதிரி டப்பாவில் பல தடிமனில் ரம்பப் பல் உள்ள கம்பிகள் இருக்கும். 1 மில்லிமீட்டர் கனக் கம்பிக்கு 1.1 கிளீனர், 0.6-க்கு 0.65 இல்லைன்னா 0.7. அரைக்கும்போது பின்பக்கம் கீ (கம்பியை முறுக்கும் திருகு) இருக்கிற திசைக்குச் சரிச்சு அரைங்க. நட்டின் முன்விளிம்பில்தான் கம்பி உட்காரணும். பின்விளிம்பில் உட்கார்ந்தா சிதார் மாதிரி இரையும்.

ஆழம்: மூணாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடிச்சா, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையிற இடைவெளி மட்டும் இருக்கணும். அதைத் தாண்டி அரைச்சுட்டா அந்த நட் வீண்.

தருமபுரி | ஏப்ரல் 10

அரூர்க்காரர் சொன்னது முழுக்கச் சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்: பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ச்சுடுங்க. இல்லைன்னா கீயைத் திருகும்போது கம்பி சிக்கி நின்னு, திடீர்னு 'டிக்'னு தாவும். ஒரே சுரக் கம்பிகளுக்கு அந்தத் தாவலே எதிரி.

தருமபுரி | ஏப்ரல் 12

இப்போ சுருதி சேர்க்கும் முறை. டியூனரில் ஆறையும் பச்சை விளக்கு எரியும்வரை வெச்சுட்டு விட்டுடாதீங்க. நாலாவது கம்பியைச் சரியாக எஃப் ஷார்ப்பில் நிறுத்துங்க. மூணாவதையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு காதால் கொஞ்சம் ஏத்துங்க. இரண்டையும் சேர்த்து மீட்டினா ஓசை ஏறி இறங்கும். அந்த விம்மலை எண்ணுங்க. 185 ஹெர்ட்ஸில் 10 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் ஏறக்குறைய நொடிக்கு ஒரு விம்மல். அதுதான் நல்ல அளவு. 20 சென்ட்டைத் தாண்டினா அபசுரமாக் கேட்கும்.

கீழ்க்கம்பிகள் இரண்டுக்கும் அதே 10 சென்ட் வெச்சா இரண்டு நொடிக்கு ஒரு விம்மல். மேல் ஜோடியின் பாதி வேகம். இரண்டு ஜோடியும் வேற வேற வேகத்தில் மூச்சு விடும். சும்மா திறந்த கம்பியை மீட்டி நிறுத்தினாலே இசைத்தட்டில் கேட்கிற அந்த அலை வந்துடும், பெடல் இல்லாமலேயே.

ஓசூர் | ஏப்ரல் 15

வந்துடுச்சுங்க! அதே ஓசை. ஆனா பெடலைப் போட்டதும் விம்மல் காணாமப் போகுது.

தருமபுரி | ஏப்ரல் 15

போகத்தான் செய்யும். டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுறது. ஏறினதும் இறங்கினதும் ஒரே உயரத்துக்கு வெட்டுப்பட்டா விம்மல் எங்கே தெரியும்? கெயினைக் கடிகாரத்தில் 9 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் வைங்க, வால்யூமை ஏத்துங்க. மூர் அதிகம் பயன்படுத்தின ரேட் (RAT) டிஸ்டார்ஷன் பெடல் உங்ககிட்டே இருந்தா இன்னொண்ணு கவனிங்க: அதில் ஃபில்டர் குமிழ் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினா கூர்மை குறையும். பாதிப் பேர் டோன் குமிழ்னு நினைச்சு முழுசா வலப்பக்கம் வெச்சு, மந்தமா இருக்குன்னு பெடலையே வித்துடறாங்க.

குறைஞ்ச கெயினிலும் டிஸ்டார்ஷன் ஒரு பெரிய வேலை பண்ணும். இரண்டு சுரம் ஒண்ணா நுழைஞ்சா, இரண்டின் வித்தியாசமும் புது ஓசையா வெளியே வரும். பி 247, எஃப் ஷார்ப் 185. வித்தியாசம் 62 ஹெர்ட்ஸ். அது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள பி. உங்க கிட்டாரில் அந்தச் சுரத்துக்குக் கம்பியே கிடையாது, ஆனா ஆம்பில் கேட்கும். இ-யையும் எஃப் ஷார்ப்பையும் சேர்த்தா வித்தியாசம் 20 ஹெர்ட்ஸ். அது சுரமாக் கேட்காது, நொடிக்கு 20 தடவை படபடப்பா உறுமும். நீங்க 'இரைச்சல்'னு சொல்றதில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான்.

ஊத்தங்கரை | ஏப்ரல் 17

இவ்வளவு கணக்கு அவங்க போட்டாங்களா? காதால் கேட்டு வெச்சிருப்பாங்க. இரைச்சல்னா இரைச்சல். ஒகேனக்கல் அருவிகிட்டே நின்னா கேட்கிறதும் இதுதான், கிரானைட் பட்டறைக்குள்ள நின்னா கேட்கிறதும் இதுதான். இதில் என்ன சுருதி?

தருமபுரி | ஏப்ரல் 17

காதால்தான் வெச்சாங்க, கணக்கு நமக்கு. அவங்க கிட்டாரைக் கையில் வாங்காமல் இங்கே உட்கார்ந்து அந்த ஓசையை எடுக்க வேற வழி இல்லை.

ஆனா அருவியும் கிரானைட் பட்டறையும் ஒண்ணு இல்லை. அருவியில் எல்லா அலைவரிசையும் கலந்திருக்கு, சுரம் பிரிக்க முடியாது. கல் அறுக்கிற பிளேடு சீரான வேகத்தில் சுத்துது, அதுக்கு ஒரு சுரம் இருக்கு. கல்லைத் தொட்டதும் அந்தச் சுரம் இறங்குறதைக் கேளுங்க. சோனிக் யூத் இரைச்சல் பிளேடு பக்கம், அருவி பக்கம் இல்லை. எவ்வளவு சத்தமா இருந்தாலும் உள்ளே ஒரு ஆதார சுருதி நிக்குது. அதனால்தான் அதன்மேல் பாட முடியுது.

பாலக்கோடு | ஏப்ரல் 18

உறுமியைச் சேர்த்துக்குங்க. வளைஞ்ச குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஓசை வழுக்கி ஏறும். மாரியம்மன் திருவிழாவில் பம்பையோட சேர்ந்து அது வரும்போது யாரும் இரைச்சல்னு சொல்றதில்லை. கம்பியின் நீளவாக்கில் ஸ்க்ரூடிரைவரைத் தேய்க்கிறதும் அதே வழுக்கல்தான்.

தருமபுரி | ஏப்ரல் 18

நல்ல ஒப்பீடு. ஒரு எச்சரிக்கை: சுற்றுக் கம்பியில் மட்டும் தேய்ங்க. வெற்றுக் கம்பியில் தேய்ச்சா ஓசையும் வராது, ஒரு வாரத்தில் கம்பியில் வெட்டு விழுந்து அந்த இடத்திலேயே அறும்.

கம்பிக்கு அடியில் செருகுறதையும் சொல்லிடறேன். 1983-ல் வந்த கன்ஃப்யூஷன் இஸ் செக்ஸ் தொகுப்புக் காலத்திலிருந்தே டிரம் குச்சி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கம்பிக்கு அடியில் போயிருக்கு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே செருகினா கம்பி சரிபாதியாகும், இரண்டு பக்கமும் ஒரே சுரம். ஒரு பக்கம் தட்டினா மறுபக்கம் தானா முழங்கும். ஏழாம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட் மேலேயும் இப்படி முழங்கும், ஏன்னா அங்கே கம்பி மூணில் ஒண்ணு, நாலில் ஒண்ணுன்னு பிரியுது. நடுவில் வேற இடத்தில் செருகினா மங்கின மணிச்சத்தம்தான்.

என்ன தப்பாகும்: டிரம் குச்சி 14 மில்லிமீட்டர் தடிமன். அது கம்பியை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தூக்கும். 0.016 கம்பியில் சுருதி இரண்டு அரைச்சுரம் ஏறிடும். சுற்றுக் கம்பியில் அவ்வளவு ஏறாது. ஆக ஒரே குச்சி, கம்பிக்குக் கம்பி வேற அளவு. சேர்த்து வெச்ச சுருதி எல்லாம் போச்சு. 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூடிரைவர் போட்டா ஏற்றம் அரைச்சுரத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்டாது. தண்டில் ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க, ஃப்ரெட்டில் கோடு விழாது. ரப்பர் டியூப் வேண்டாம், ஓசையை விழுங்கிடும்.

கிருஷ்ணகிரி | ஏப்ரல் 21

எல்லாரும் கம்பியிலேயே நிக்கிறீங்க. வரலாறு யாராவது வரிசையா எழுதுங்க. எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கிறது?

தருமபுரி | ஏப்ரல் 21

சுருக்கமாக. 1981 ஜூனில் நியூயார்க்கின் ஒயிட் காலம்ஸ் கலைக்கூடத்தில் மூர் ஏற்பாடு செய்த நாய்ஸ் ஃபெஸ்ட் ஒரு தொடக்கப் புள்ளி. 1982-ல் முதல் சிறு இசைத்தட்டு, பிராங்காவின் நியூட்ரல் கம்பெனியில். அது சுத்தமா, வெட்டவெளியாக் கேட்கும். விசித்திரச் சுருதிகள் அதுக்கு அப்புறம்தான் பெருகுது. 1983-ல் கன்ஃப்யூஷன், 1985-ல் பேட் மூன் ரைசிங். அந்த வருஷமே ஸ்டீவ் ஷெல்லி டிரம்ஸுக்கு வந்தார். இதுதான் பெரிய திருப்பம். 1986-ல் ஈவால், 1987-ல் சிஸ்டர், 1988-ல் டேட்ரீம் நேஷன். இந்த மூணும் எஸ்.எஸ்.டி. கம்பெனியில் வந்தது. 1990-ல் கூ தொகுப்போட டி.ஜி.சி. என்கிற பெரிய கம்பெனிக்குப் போனாங்க.

ஷெல்லியை ஏன் திருப்பம்னு சொல்றேன்: அவர் தட்டு நேரா ஓடும். அலங்காரம் குறைவு. கிட்டார் எவ்வளவு சிதறினாலும் கேட்கிறவனுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் எங்கே போனாலும் தாளம் விடாமல் இருக்கிற மாதிரி.

கிருஷ்ணகிரி | ஏப்ரல் 22

டேட்ரீம் நேஷன் எஸ்.எஸ்.டி. இல்லை. அமெரிக்காவில் எனிக்மா, இங்கிலாந்தில் பிளாஸ்ட் ஃபர்ஸ்ட். எஸ்.எஸ்.டி.யில் வந்தது ஈவாலும் சிஸ்டரும் மட்டும்.

தருமபுரி | ஏப்ரல் 22

சரி, திருத்திக்கிறேன். மூணையும் ஒரே மூச்சில் கேட்கிறதால் ஒரே கட்டில் போட்டுட்டேன்.

டேட்ரீம் பற்றி இன்னும் கொஞ்சம். 1988 கோடையில் கிரீன் ஸ்ட்ரீட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிக் சான்சானோ பொறியாளரா இருந்து பதிவாச்சு. அந்தக் கூடம் ஹிப்-ஹாப் பதிவுகளுக்குப் பேர் போனது. இரட்டை இசைத்தட்டு. அட்டையில் எரியும் மெழுகுவர்த்தி, கெர்ஹார்ட் ரிக்டர் 1983-ல் வரைஞ்ச ஓவியம். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கிற தேசிய ஒலிப்பதிவுகளின் 2005-ம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தாங்க.

கேட்கும் வரிசை என் கருத்தில்: சிஸ்டர் முதலில், டேட்ரீம் பிறகு, மூணாவது 1995-ல் வந்த வாஷிங் மெஷின். அதன் கடைசிப் பாட்டு தி டயமண்ட் சீ, பத்தொன்பது நிமிஷத்துக்கு மேல். முதல் சில நிமிஷம் மென்மையான பாட்டு. பிறகு பாட்டு கரைஞ்சு விம்மலும் ஃபீட்பேக்கும் மட்டும் நிக்கும். இந்த இழையில் பேசினது எல்லாம் அதில் ஒவ்வொண்ணாக் காதில் படும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க. 62 ஹெர்ட்ஸ் பி எல்லாம் அதில் வரவே வராது.

கன்ஃப்யூஷனைக் கடைசிக்கு வைங்க. கடினமானது என்பதால் இல்லை. மத்ததைக் கேட்ட பிறகுதான் அதில் எது வேணும்னு செஞ்சது, எது வசதிக் குறைவால் வந்ததுன்னு பிரிச்சுக் கேட்க முடியும்.

ஓசூர் | மே 3

புதுப் பிரச்சினை. ஆம்ப் உறுமுது. வாசிக்காதப்போ கூட 'ம்ம்ம்'னு ஒரு ஓசை. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னும் மோசம், 'ஜ்ஜ்ஜ்'னு இரையுது. இசைத்தட்டில் இது இல்லையே?

தருமபுரி | மே 3

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அது இயல்பு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மது 50. அதனால் அவங்க உறுமல் வேற சுரம், நம்ம உறுமல் வேற சுரம்.

நம்ம 50-ன் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் கீழ் ஜி 98 ஹெர்ட்ஸ். அதாவது இங்கே ஆம்ப் உறுமல் ஏறத்தாழ ஜி, 35 சென்ட் கூடுதல். ஜி-ஏ-பி-டி-இ-ஜி சுருதியில் வாசிக்கும்போது உறுமலும் ஜி-யும் நொடிக்கு இரண்டு தடவை முட்டும். அது அழகான விம்மல் இல்லை, எரிச்சல்.

வழி: டியூனரில் ஏ சுரத்தின் அளவை 440 ஹெர்ட்ஸிலிருந்து 449-க்கு மாத்துங்க. பல டியூனர்களில் 450 வரை போகும். இப்போ ஜி சரியா 100 ஹெர்ட்ஸ். உறுமல் ஆதார சுருதியாகி அடியில் ஒட்டிக்கும். பேஸ் வாசிக்கிறவரும் அதே 449-ல் இருக்கணும், இல்லைன்னா நிலைமை முன்னைவிட மோசம். கீபோர்டு இருந்தா அதையும் 35 சென்ட் ஏத்தணும். ஹார்மோனியம் கூட இருந்தா இந்த வழியை மறந்துடுங்க, அதை ஏத்த முடியாது.

மலிவு இன்வெர்ட்டர் அலை சதுரமா இருக்கும். அதில் 150, 250 ஹெர்ட்ஸ் எல்லாம் கூடவே வரும், அதுதான் 'ஜ்ஜ்ஜ்'. சைன் அலை இன்வெர்ட்டரில் இது இருக்காது.

அரூர் | மே 4

முக்கியமான ஒண்ணு. உறுமல் குறையுதுன்னு சிலர் ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிட்டு இரண்டு பின்னில் போடுவாங்க. செய்யவே கூடாது. கிட்டார் கம்பி ஆம்பின் உடம்போட இணைஞ்சிருக்கு. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தா கம்பியில் 230 வோல்ட் நிக்கும். கையில் கம்பி, உதட்டில் மைக், நடுவில் நீங்க. வீட்டு எர்த் குழி காய்ஞ்சிருந்தா கோடையில் தண்ணி ஊத்தணும், நம்ம மாவட்டத்துப் பாறை மண்ணில் இது அவசியம். மின்கசிவு வந்தா இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போர்டில் இருந்தா இன்னும் நல்லது.

தருமபுரி | மே 4

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கணும். நன்றி.

ஊத்தங்கரை | மே 11

ஃபீட்பேக் (ஆம்ப் ஓசையே கம்பியை மறுபடி அதிர வைக்கிற ஊளை) எனக்கு ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை. அதே ஆம்ப், அதே குமிழ்.

தருமபுரி | மே 11

நிக்கிற இடம் மாறியிருக்கும். 185 ஹெர்ட்ஸ் ஓசை காற்றில் ஒரு அலைக்கு 1.85 மீட்டர் எடுக்குது. ஆம்பிலிருந்து ஒரு தூரத்தில் ஓசை கம்பியைத் தள்ளும். அங்கிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நகர்ந்தா அதே ஓசை கம்பியைத் தடுக்கும். நல்ல இடம் கிடைச்சதும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுங்க. இரண்டு, மூணு குறி போட்டா, ஒவ்வொரு குறியிலும் வேற மேல்சுரம் எழும். மெதுவா நடந்தே சுரம் மாத்தலாம்.

கிட்டாரை ஆம்புக்கு நேரா காட்டுங்க. கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, வேண்டிய கம்பியை மட்டும் விடுங்க. ஆறையும் விட்டா கிடைக்கிறது கீச்சு மட்டும்.

கூரைத் தகரம் போட்ட அறையில் இன்னொரு சிக்கல். மதியம் சூடு ஏறினா எஃகுக் கம்பி நீண்டு சுருதி இறங்கும். 10 டிகிரி ஏறினா வெற்றுக் கம்பி 30 சென்ட் வரை இறங்கலாம். ஜோடிக் கம்பிகள் ஒரே கனமா இருந்தா இரண்டும் சேர்ந்தே இறங்கும், விம்மல் வேகம் கெடாது. அதனாலும் இரண்டு பாக்கெட்.

காது: 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம், அதுதான் பாதுகாப்பு எல்லை. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். பஞ்சு போதாது, நுரை அடைப்பான் வாங்குங்க.

கிருஷ்ணகிரி | மே 19

ஜாஸ்மாஸ்டர் கிட்டார் ஏன் அவங்க கையில் எப்பவும்? நம்ம ஸ்ட்ராட் மாடலில் அது வருமா?

தருமபுரி | மே 19

ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜுக்குப் பின்னாலும் கம்பி நீளமா ஓடுது. அங்கே மீட்டினா மணி மாதிரி ஒலிக்கும். ஸ்ட்ராட்டில் அந்த இடமே கிடையாது. பதிலுக்கு நட்டுக்கும் கீக்கும் நடுவில் உள்ள துண்டுக் கம்பியை மீட்டலாம், பின்மூடியைக் கழற்றி ட்ரெமோலோ ஸ்பிரிங்கை நகத்தால் தட்டலாம். பிக்கப்பில் மெல்லிசாத்தான் ஏறும், கெயின் வேணும்.

இன்னொரு வித்தியாசம் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள மின்தடை. ஸ்ட்ராட்டில் 250 கிலோ ஓம், ஜாஸ்மாஸ்டரில் 1 மெகா ஓம். அதனால் அது கூர்மையா ஒலிக்கும். வால்யூமுக்கு 1 மெகா போட்டு, டோன் ஒயரை சுவிட்சிலிருந்து பிரிச்சு விட்டுடுங்க. அவங்களும் டோன் இணைப்புகளைக் கழற்றிட்டு வால்யூமை மட்டும் வெச்சாங்க. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது தண்டு கனத்தைப் பாருங்க, உங்க குமிழ் அதில் ஏறணும்.

ஓசூர் | ஜூன் 2

இரண்டாவது கிட்டாரும் வாங்கியாச்சு. ஒண்ணு எஃப் ஷார்ப், ஒண்ணு ஜி. இனி?

தருமபுரி | ஜூன் 2

ஒவ்வொரு கிட்டாரின் பின்பக்கமும் வெள்ளை டேப் ஒட்டி, ஆறு கம்பியின் கனம், சுரம், ஸ்தாயி மூணையும் எழுதுங்க. சுரப் பேரை மட்டும் எழுதினா போதாது; எஃப் ஷார்ப்னு எழுதினா 92.5-ஆ 185-ஆன்னு ஆறு மாசம் கழிச்சு தெரியாது. அதையே ஒரு நோட்டிலும் எழுதுங்க, நோட்டைக் கிட்டார் பையில் வைக்காமல் வீட்டில் வைங்க.

1999 ஜூலையில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் அவங்க வண்டியே களவு போச்சு. கிட்டார், ஆம்ப், பெடல் எல்லாம். வேற கிட்டார் வாங்கிக்கலாம். ஆனா பாட்டுக்குப் பாட்டு கம்பி, சுருதி, ஒயரிங் எல்லாம் மாத்தி வெச்ச கருவிகள் அவை. பல பாட்டுகளை மேடையில் வாசிக்க முடியாமல் போச்சு. சில கிட்டார்கள் பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் வந்த என்.ஒய்.சி. கோஸ்ட்ஸ் அண்ட் ஃப்ளவர்ஸ் தொகுப்பைப் புதுக் கருவிகளோட செஞ்சாங்க. கேட்டா வித்தியாசம் உடனே தெரியும்: விம்மல் குறைவு, காலி இடம் அதிகம்.

பழைய நட்டை அதே டேப்பில் சுத்தி, எந்தக் கிட்டாருடையதுன்னு மேலே எழுதி வைங்க. 0.011-ம் 0.016-ம் முதலில் அறும், இரண்டிலும் தனிக் கம்பி நாலு நாலு வாங்கி வைங்க.